ஒரே ஏற்றம், ஒரே இறக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் இன்னும் விடவில்லை, மூக்கு மட்டும் ஓயாமல் வேலை பார்க்கிறது. உன் முழங்காலும் மாமாவின் சர்க்கரையும் சொன்ன பேச்சு கேட்கின்றனவா?

தையல் மெஷினை நிறுத்திவிட்டு இதைப் படி. கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டது. ஜூன் பன்னிரண்டாம் தேதி முதல் உன் ஊரிலிருந்து என் ஊருக்கு நேர் விமானம். நடுவில் எங்கேயும் இறங்க வேண்டாம். 13,610 கிலோமீட்டர், பதினாறு மணி ஐந்து நிமிடம். வடக்கே ஏறி, பனிக்கடல் ஓரமாகப் போய், மறுபடி கீழே இறங்குகிற வழி.

பத்து வருஷமாக நான் கூப்பிடும்போதெல்லாம் உன்னிடம் ஒரே பதில்தான். "ஒரே ஏத்தம், ஒரே எறக்கம்னா வர்றேன். நடுவுல எங்கயோ எறக்கிவிட்டு, புரியாத போர்டப் பாத்து ஓடச் சொன்னா நம்மால ஆகாதுப்பா." நீ விளையாட்டாகச் சொல்லியிருப்பாய். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். விமானம் கிளம்பும் முன் எந்த வழியில் போவது, எவ்வளவு எண்ணெய் ஊற்றுவது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதானே என் பிழைப்பு. ஆறு வருஷமாக இந்த ஒரு வழியைத் திரும்பத் திரும்பப் போட்டு மேலே அனுப்பினேன். என் மேலதிகாரி என்னை வராந்தாவில் பார்த்தாலே வேறு கதவு வழியாகப் போய்விடுவார். கடைசியில் எண்ணெய் கொஞ்சமாகக் குடிக்கிற புது விமானம் வந்தது, அவரும் கையெழுத்துப் போட்டார்.

முதல் விமானத்தில் உனக்கு ஒரு சீட். நீ தைத்துக் கொடுத்த கறுப்புக் கோட்டில் மேல் பட்டன் போன வருஷமே விழுந்துவிட்டது. டப்பியில் போட்டு வைத்திருக்கிறேன். வேறு கையில் கொடுக்க மனசு வரவில்லை, நீயே வந்து தைத்துக்கொள்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
சுண்டு


பிப்ரவரி 24

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் சுகம். முழங்கால் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது, நான் அதன் பின்னால் நடக்கிறேன். உன் மூக்கு சரியாகிவிட்டதா? வெந்நீர் குடி.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை உன் மாமா சத்தமாகப் படித்தார், கடையில் வேலை செய்கிற பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நீ போனில் சொல்லியிருந்தால் நாலு மெஷின் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்திருக்கும். கடிதம் என்றால் எனக்குப் பிடித்த வரியைத் திரும்பப் படிக்கலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. சுவரில் இருக்கிற உலகப் படத்தில் டேப்பை வைத்து உன் ஊருக்கும் என் ஊருக்கும் பிடித்துப் பார்த்தேன். நேராகக் கடலுக்கு மேலே போகிறது. நீ என்னவோ என்னை வடக்கே பனிக்குள் கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டி வருகிறாயே, ஏன்? உன் மாமா முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர், அவருக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. "உன் தம்பி சுத்து ரூட்டு போட்டிருக்கான். நான் ஓட்டுனா நேரா போயிருவேன்" என்கிறார். கடலில் எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டால் டீ குடிக்கப் போய்விடுகிறார்.

பட்டனைத் தொலைத்துவிடாதே. அந்த மாதிரி இப்போது கிடைப்பதில்லை.

ஆசிகளுடன்,
அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாம் நல்லபடி. மூக்கு நின்றுவிட்டது, உன் வெந்நீருக்கு நன்றி. நீங்கள் இருவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி.

சுவரில் இருக்கிற படத்தை நம்பாதே. உருண்டையாக இருக்கிற உலகத்தை உரித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டும்போது வடக்கையும் தெற்கையும் பிடித்து இழுத்துவிட்டார்கள். ஒரு உலக உருண்டையைத் தேடிப் பிடி. நம் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு நூலை வைத்து இறுக்கிப் பிடி. நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் குறுக்கு வழி. மாமாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

புது விமானத்தின் இறக்கையை நேற்றுப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நிற்கும்போது லேசாகத் தொங்குகிறது. பறக்கும்போது நுனி ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வளைந்து எழும்புமாம். இத்தனை வருஷமாகக் காகிதத்தில் கணக்குப் போடுகிறவனுக்கு அதைத் தொட்டதும் கண் கலங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
சுண்டு


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போட்டோவில் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது.

எதிர்வீட்டு டீச்சரிடம் உலக உருண்டை கடன் வாங்கினேன். கறுப்பு நூலை இழுத்துப் பிடித்தால், நீ சொன்ன மாதிரியே வடக்கே ஏறிப் பனிக்குள் போய் இறங்குகிறது. விட்டுப் பிடித்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது. உன் மாமா நூலைத் தன் கையில் வாங்கிக் கடல் வழியாகப் பிடித்துப் பார்த்தார். நூல் நீளம் போதவில்லை. "சரி, பய படிச்சிருக்கான்" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு என்ன ஆச்சரியம் என்றால், இது எனக்குத் தெரிந்த விஷயம். மேஜைமேல் தட்டையாகக் கிடக்கிற துணியில் நேர்கோடு போட்டு வெட்டினால், தோளில் ஏறினதும் அது கோணிக்கொள்ளும். தோளில் நேராக உட்கார வேண்டும் என்றால் மேஜையில் வளைத்து வெட்ட வேண்டும். முப்பது வருஷமாக இதைத்தானே செய்கிறேன். இதற்கா நீ காலேஜ் போனாய்?

நூலை டேப்பில் வைத்தேன், 32 சென்டிமீட்டர். உருண்டையின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன், 94. உலகத்தைச் சுற்றினால் நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீடு அதிரக் கத்துவாய், அது இன்னும் மறக்கவில்லை. கடைப் பெண் ஒருத்தி பெருக்கி வகுத்துக் கொடுத்தாள். 13,617 வருகிறது. உன் கம்ப்யூட்டரை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்.

நான் வருகிறேன் சுண்டு. பரணிலிருந்து பையைக்கூட இறக்கி வைத்துவிட்டேன். நூலை ஒரு அட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன், கன்னம் பிறவிக் கோளாறு. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் கடிதத்தை ஆபீசில் படித்துக் காட்டினேன். ஏழு கிலோமீட்டர்தான் வித்தியாசம். "நூல வச்சா கண்டுபிடிச்சாங்க?" என்று மூன்று பேர் கேட்டார்கள். தோள் துணி பற்றி நீ எழுதியதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பலகையில் குத்தி வைத்திருக்கிறோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் அரை நாள் விளக்குவதை நீ நாலு வரியில் சொல்லிவிட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை, கொஞ்சம் பொறாமையும்தான்.

வரும்போது பதினாறு மணி ஐந்து நிமிடம். திரும்பிப் போகும்போது பதினாலு மணி ஐம்பது நிமிடம்தான். தூரம் ஒன்றுதான், மேலே காற்று எப்போதும் ஒரே பக்கமாக ஓடுகிறது. நீ அதை எதிர்த்து வருகிறாய். அதனால் வரும்போது எண்ணெய் கூட வேண்டும், பன்னிரண்டு சீட்டைக் காலியாக விட்டுத்தான் கிளம்ப முடியும். அப்படியும் உனக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். டிக்கெட் இத்துடன் வருகிறது. சரி என்று ஒரு வரி எழுது.

சுண்டு


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

டிக்கெட் கிடைத்ததா? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு தடவை போன் செய்தேன். ஒரு தடவை மாமா எடுத்து "அவ படுத்திருக்கா" என்றார். இன்னொரு தடவையும் "அவ படுத்திருக்கா" என்றார். பகல் பதினொரு மணிக்கு நீ படுத்து நான் பார்த்ததே இல்லை. என்னவென்று கேட்டால் "அசதி" என்று வைத்துவிட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

என்மேல் ஏதாவது வருத்தமா? எழுது.

சுண்டு


மே 16

அன்புள்ள சுண்டு,

சுகம்தான். கவலைப்படாதே. உன்மேல் எனக்கு என்ன வருத்தம்?

கையில் வேலை நிறைய, அதனால் எழுத முடியவில்லை. வரிகள் மேலும் கீழும் போகின்றன, புது மேஜை சரியில்லை. டிக்கெட் வந்தது. கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா? ஆகஸ்டில் வரட்டுமா?

சில சந்தேகம். விமானம் எவ்வளவு உயரம் போகும்? அவ்வளவு உயரத்தில் உள்ளே காற்று எப்படி இருக்கும்? இறுக்கி மூடின பாட்டில் ஒன்றைக் கொண்டுபோனால் அது அப்படியே இருக்குமா, உப்புமா? உப்பினால் எவ்வளவு?

மாமா சௌக்கியம்.

அக்கா


மே 25

அன்புள்ள அக்கா,

நான் நலம் என்று எழுதுகிறேன், மனசு அப்படி இல்லை. இருவரும் நலமாக இருங்கள்.

ஆகஸ்டா? இந்த வழி திறப்பதே நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக. முதல் விமானத்தில் என் அக்கா வருகிறாள் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். பலகையில் உன் தோள் துணி இருக்கிறது. இப்போது போய்த் தள்ளி வை என்றால் நான் என்ன சொல்வது? பயமாக இருந்தால் பயம் என்று சொல், புரிந்துகொள்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பதினொரு கிலோமீட்டர் உயரம். ஆனால் உனக்கு அது தெரியவே தெரியாது. உள்ளே காற்றை அடைத்து வைத்திருப்போம். இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு மலைமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். காது ஒரு தடவை அடைக்கும். மூடின பாட்டில் கொஞ்சம் உப்பும், ஒன்றும் ஆகாது. இந்த விமானம் மற்றதைவிட எவ்வளவோ மேல் அக்கா. அதில் பதினாறு மணி நேரம் வருவது உன் கடையில் உட்கார்ந்திருப்பதைவிடச் சௌகரியம்.

நீ வருவாய் என்றே இருக்கிறேன்.

சுண்டு


ஜூன் 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

நானும் மாமாவும் சுகம். நீ மனசைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே.

வருகிறேன். பன்னிரண்டாம் தேதியே வருகிறேன். மலை ஏறுவதுபோலத்தான் என்று நீ சொன்ன பிறகு எனக்கு என்ன யோசனை? உன் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது?

ஒன்று மட்டும். இடது பக்க ஜன்னல் ஓரம் கொடுக்கச் சொல். இடது பக்கம் யாராவது வந்து நின்றால் எனக்குச் சட்டென்று தெரிவதில்லை, கழுத்துப் பிடிப்பு. சுவர்ப்பக்கம் அது இருக்கட்டும்.

நீ சின்ன வயசில் காகிதத்தில் விமானம் செய்து என் வெட்டுத் துணிமேல் விடுவாய். நான் அடிப்பேன். இப்போது அந்தப் பிள்ளை போட்ட வழியில் நான் வருகிறேன் என்று நினைத்தால் நெஞ்சு நிறைந்து போகிறது.

அக்கா


ஜூன் 12

அக்கா,

இந்தத் தடவை நலம் விசாரிக்கப் போவதில்லை. நாலு மாதமாக விசாரித்து என்ன கண்டேன்?

உன் மூன்றாம் தேதிக் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. நீ கிளம்ப மூன்று மணி நேரம் இருந்தது. கம்பெனி டாக்டரம்மா, அவரும் தமிழ்தான், பக்கத்து மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "எங்க அக்கா இன்னைக்கு வர்றாங்க, என்னென்ன கேள்வி கேக்கறாங்க பாருங்க" என்று பெருமைக்காகத்தான் உன் இரண்டு கடிதத்தையும் காட்டினேன். மூடின பாட்டிலைப் படித்துச் சிரித்தார். இடது பக்கம் தெரிவதில்லை என்கிற வரிக்கு வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். கோணல் மாணலாகப் போகிற உன் எழுத்தைப் பார்த்தார்.

"உங்க அக்காவுக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆச்சா?"

"இல்லையே."

"நல்லாக் கேட்டுப் பாருங்க. விழித்திரை கிழிஞ்சா உள்ள வாயு நிரப்பி ஒட்ட வைப்பாங்க. அது கரையறதுக்குள்ள மேல ஏறினா, வாயு உப்பி, கண்ணே போயிடலாம். மலைகூட ஏறக் கூடாது."

மலைகூட ஏறக் கூடாது, அக்கா. நான் என்ன எழுதினேன் என்று உனக்கே தெரியும்.

வீட்டுக்குப் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். பிறகு உன் ஊர் விமான நிலையத்துக்கு என் கையாலேயே செய்தி அடித்தேன். முதல் விமானம், இடது ஜன்னல், இந்தப் பயணியை ஏற்ற வேண்டாம். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டுக்காக எத்தனை பேரிடம் பல்லைக் காட்டியிருப்பேன். என் கணக்கிலிருந்து உன் எடையை நானே எடுத்தேன். அறுபத்திரண்டு கிலோ. அதற்குப் பதிலாக எண்ணெய் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா நினைத்தது தப்பாக இருந்தால் என்னைத் திட்டு, ஆயுசுக்கும் கேட்டுக்கொள்கிறேன். சரியாக இருந்தால், என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஒரு தையல்காரிக்குக் கண்ணைவிட என் விமானம் பெரிதா? உன்னை மிரட்டி வரவழைக்கப் பார்த்தேனே என்று உட்கார்ந்து அழுதேன்.

சுண்டு


ஜூன் 23

அன்புள்ள தம்பிக்கு,

இனி உண்மையை எழுதுகிறேன். முழங்கால் வலிக்கிறது. மாமாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. இடது கண்ணில் ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன் ஆனது. நீ நன்றாக இருக்கிறாயா?

உன் டாக்டரம்மா சொன்னது அத்தனையும் சரி. பத்து நாள் கவிழ்ந்தே படுத்திருந்தேன். கண்ணுக்குள் ஒரு குமிழி, முதலில் கோட் பட்டன் அளவு, பிறகு சட்டைப் பட்டன், கடைசியில் பிரஸ் பட்டன். குனிந்தால் நடுவில் வந்து நிற்கும். அது போகும்வரை விமானம் கூடாது என்று இங்கேயும் சொன்னார்கள். எட்டு வாரம் ஆகலாம் என்றார்கள். உன் விமானத்துக்கு ஏழு வாரமும் இரண்டு நாளும்தான் இருந்தது. இவ்வளவு சின்னதாகிவிட்டதே, நீயும் வெறும் மலைதான் என்கிறாயே என்று துணிந்துவிட்டேன். சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய். ஆறு வருஷ உழைப்பு, முதல் விமானம் கிளம்பும்போது நீ அங்கே இருக்க வேண்டாமா? மாமாவின் வாயையும் நான்தான் தைத்து வைத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தையும் டிக்கெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அம்மா, உங்கள ஏத்த வேணாம்னு மெசேஜ் வந்திருக்கு."

"யாரு அனுப்புனா?"

"இதுல போட்டிருக்கிற பேரு... உங்க தம்பியாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் கத்தரிக்கோலை எறிந்திருப்பேன். உன் மாமா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் சொல்லிக் கேக்காததை அவன் அங்கிருந்தே நிறுத்திட்டான் பாரு" என்றவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. விமானம் ஏறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். இறக்கை நுனி நீ சொன்னபடியே வளைந்து எழுந்தது. எவ்வளவு அழகு சுண்டு. அதைப் பார்த்ததும் கோபம் பாதி போய்விட்டது.

மீதி, டாக்டரிடம் போனபோது போனது. குமிழி கரைந்தது இருபத்தொன்றாம் தேதிதான். ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கினார். வீட்டுக்கு வந்து உன் காகித விமானத்துக்காக அடித்ததையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

பதினாறு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு, என் எழுத்துக் கோணலை வைத்துக் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறாய். நூல் வைத்து அளந்ததற்குப் போய் நீ பெருமைப்பட்டாய்.

ஆகஸ்டில் வரலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். தையல் இன்னும் தொடவில்லை. இடது கண்ணில் ஊசிக் காது தெரிகிறதா என்று பார்க்கப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 21, விமானத்தில்

என் சுண்டுவுக்கு,

நான் நலம். நீ நலமா என்பதை இன்னும் மூன்று மணி நேரத்தில் நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன். நம் கடிதங்கள் ஒன்பது நாள் எடுக்கும், இது ஒன்றுதான் என் மடியில் உட்கார்ந்து என் கூடவே வருகிறது. உன் கையில் கொடுப்பேன், அங்கேயே நின்று படி.

காது ஒரு தடவை அடைத்தது. பாட்டில் கொஞ்சம் உப்பியது. கவுண்டரில் அதே பெண், "இன்னைக்கு மெசேஜ் ஒண்ணும் வரலம்மா" என்று சிரித்தாள். உன் மாமாவுக்கு முப்பது வருஷம் மற்றவர்களை ஏற்றி இறக்கியே பழக்கம், பக்கத்து சீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. விமானம் திரும்பும்போதெல்லாம் வலது காலால் பிரேக்கைத் தேடுகிறார்.

சற்று முன் பனிக்கு மேலே வந்தோம். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக, விரிசல் விரிசலாக, கண்ணுக்கு எட்டிய வரை மடிப்புக் கலையாத துணி. உலக உருண்டையில் நூல் எந்த இடத்தில் ஏறியதோ அதே இடம். இதை நீ ஆறு வருஷம் காகிதத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தாய். அசல் அதைவிட எவ்வளவோ அழகுடா.

பிறகு அட்டையை எடுத்தேன். அந்த முப்பத்திரண்டு சென்டிமீட்டர் நூல்தான். ஒரு பட்டனுக்குச் சரியாகக் காணும். வலது கண்ணை மூடிக்கொண்டே ஊசியில் கோர்த்துப் பார்த்தேன். முதல் தடவை நுழையவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. உன் மாமா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மூன்றாவது தடவை நுழைந்துவிட்டது.

படித்து முடித்தாயா? அழுதது போதும். பட்டனை எடு, கோட்டைக் கழற்று.

அக்கா